ஸ்டென்சிலில் விழுந்த கிணறு

ஞானசீலன் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து கிளார்க். கேள்வித்தாள் அடிக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினின் சாவி ஏழு வருஷமாக அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த அறையிலிருந்து ஒரு கேள்வித்தாள்கூட முன்கூட்டி வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவர் 1984 சித்திரையில் ஒரு காரியம் செய்தார்.

வில்லாபுரத்தில் அவர் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் விளையாட உட்காருவார்கள். அவர், அவர் மனைவி எஸ்தர், பக்கத்து வீட்டு ராஜாராமன், ராஜாராமனின் மனைவி ஸ்யாமளா. ராஜாராமனுக்குக் கோர்ட்டில் வேலை, ஸ்யாமளா டீச்சர். கேரமும் தாயமும் அலுத்துப்போன சமயத்தில், ஸ்டேஷனரி கடையில் ஒரு அட்டைப்பெட்டி எஸ்தர் கண்ணில் பட்டது. ‘தேடுங்கள்’ என்று மேலே அச்சடித்திருந்தது.

வீட்டை விட்டுப் போன ஒருவரைத் தேடும் விளையாட்டு அது. பேரையூர்ப் பக்கத்து நிலமெல்லாம் வரைந்த படப்புத்தகம் ஒன்று. துப்புச் சீட்டுகள் நாற்பது. ஒவ்வொரு சீட்டாகப் படிக்கப் படிக்க, ஆள் எங்கே போயிருப்பார் என்று அவரவர் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வரவேண்டும். விடை பெட்டியில் கிடையாது. யார் சொன்ன இடம் எல்லோருக்கும் பொருத்தமாகப் படுகிறதோ அவரே ஜெயித்தவர். அவர் அந்த இடத்தை ஒரு கார்டில் எழுதி, பெட்டியில் முகவரி போட்டிருந்த பேரையூர் வெள்ளைத்துரைக்கு அனுப்பவேண்டும்.

பெட்டியில் இருந்ததோ ஒரே புத்தகம். கடைசிப் பக்கத்தில், “படி எடுக்கவேண்டாம். கூடுதல் புத்தகம் வேண்டுவோர் எழுதிக் கேட்கவும்” என்றிருந்தது.

“எழுதி, பதில் வர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிரும்” என்றாள் எஸ்தர்.

ஞானசீலன் ராஜாராமனைப் பார்த்தார். “சட்டம் என்ன சார் சொல்லுது?”

“சொந்த உபயோகம்னா கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். மூணு பேருக்குப் பங்கு போட்டா அது சொந்த உபயோகமான்னு யாராவது கேட்டா, என்கிட்ட பதில் இல்லை.”

மறுநாள் மத்தியானம், ஆளில்லாத பள்ளிக்கூடத்தில், ஞானசீலன் ஸ்டென்சில் மெழுகுத்தாளை ஜன்னல் கண்ணாடியில் படத்தின் மேல் வைத்து ஊசிப்பேனாவால் கோடு கோடாக இழுத்தார். முதல் பக்கத்தில் இருந்த முப்பத்தேழு என்ற புத்தக வரிசை எண்ணைக்கூட விடவில்லை. மூன்று பிரதிகள் ஓட்டினார். மை காயும்வரை வாசல் பக்கம் நாலு தடவை போய் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை ஸ்யாமளா ஜெயித்தாள். “மூணு பனைமரத்துக்கு மேற்கே ஒரு கெணறு இருக்கே, அதுலதான் இருக்கார்” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் மற்ற மூவருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. கார்டு போயிற்று.

பத்து நாள் கழித்து வெயில் ஏறுகிற நேரத்தில், ஒல்லியாக ஒருவர் ஞானசீலன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் கார்டு.

“நான் வெள்ளைத்துரை. ஸ்யாமளாங்கிற அம்மாவோட புத்தகத்தப் பாக்கணும்.”

நில அளவைப் பிரிவில் படம் வரைகிறவர் அவர். தம்பி நல்லகாமன் எட்டு வருஷத்துக்கு முன்னால் சாயங்காலம் கடைக்குப் போனவன், திரும்பவில்லை. போலீசும் தேடி ஓய்ந்தபிறகு, முன்பின் தெரியாதவர்களாவது யோசித்துச் சொல்லட்டும் என்று இந்த விளையாட்டை அச்சடித்தார். வந்த கார்டு ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்துக்கு நடந்தே போய்ப் பார்த்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஸ்யாமளா தன் பிரதியைக் கொண்டுவந்தாள். அவர் அதையும் எஸ்தர் வைத்திருந்த அச்சுப் புத்தகத்தையும் தரையில் விரித்தார். இரண்டிலும் முப்பத்தேழு என்றிருந்ததே படி எடுத்ததைக் காட்டிக்கொடுத்தது. அவர் அதைப்பற்றிக் கேட்கவேயில்லை. பனைமரங்களுக்கு மேற்கே விரலை வைத்தார். அச்சுப் புத்தகத்தில் அங்கே வெறும் வெள்ளை. பிரதியில் குட்டியாக ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு, கிணற்றுக்கான குறி.

“இங்க நான் கெணறு போடல சார். ரிக்கார்டுலயும் கெடையாது. ஆனா கருவேலத்த வெட்டிப் பாத்தா, பலகைக்கல்லு போட்டு மூடின கெணறு. உள்ள இருந்தான். கையில காப்பு அப்பிடியே கெடந்துச்சு.”

ஞானசீலன் மற்ற இரண்டு பிரதிகளையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அந்த வட்டம்.

மறுநாள் போலீஸ் வந்தது. “எட்டு வருஷமா எங்களுக்கே தெரியாத கெணறு ஒனக்கு எப்பிடிய்யா தெரியும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

ஞானசீலன் பேரையூர் மண்ணை மிதித்ததே இல்லை. நல்லகாமன் காணாமல் போன வருஷம் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தார் என்பதற்குப் பள்ளி ரிஜிஸ்டர் சாட்சி. ஆனால் வட்டம் வந்த கதையைச் சொல்லவேண்டுமென்றால், வேண்டாமென்று எழுதியிருந்ததைப் படி எடுத்ததையும், பள்ளி மெஷினை எடுத்ததையும் சொல்லியாகவேண்டும். சொன்னார். பத்திரமாக வைத்திருந்த ஸ்டென்சிலையும் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“கை தவறுனா கீறல் விழும். இது சுத்தமா வரைஞ்சிருக்கு.”

“ஆமாய்யா. என் கைதான் வரைஞ்சிருக்கணும். எனக்கு ஞாபகம் இல்ல.”

அதற்கு மேல் வழக்கில் எழுத ஒன்றுமில்லை. கல்லைப் போட்டு மூடியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் மெஷின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

நல்லகாமனின் காரியமெல்லாம் முடிந்தபிறகு அவர் மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு பேரையூருக்கு பஸ் ஏறினார்.

“கேக்காம எடுத்தது தப்புண்ணே. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

வெள்ளைத்துரை பிரதிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “தப்புதான். என் படத்துல ஒரு கோடு மாறினாக்கூட தம்பி இன்னும் தூரமாப் போயிருவான்னு பயந்துதான் அப்பிடி எழுதினேன். பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியல சார். ஆனா ஒங்கள வெறுங்கையோட அனுப்பவும் மனசில்ல. சாப்பிட்டுத்தான் போகணும்.”

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஞானசீலன் வாசலைப் பார்த்தார். கிணற்றுச் சேதி கேள்விப்பட்டு வந்த ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் சுருட்டிய காகிதம்.

முன்னால் நின்ற பெண், “எங்க வீட்டுக்காரரு காணாமப் போயி மூணு வருசமாச்சுய்யா. ஊருப் படம் கொண்டாந்திருக்கேன். மேல தாள வச்சு கோடு இழுத்துக் குடுத்தீங்கன்னா போதும்” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் ஞானசீலன்.

“தெரிய வேணாம்யா. கைய மட்டும் வைங்க.”

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காகிதத்தைப் பிரித்தார்கள். ஞானசீலனுக்குத் தன் வலது கை சில்லென்று ஆவது தெரிந்தது. கொல்லை வழியாக வெளியேறி பஸ் ஸ்டாண்டுவரை வேகமாக நடந்தார்.

ரிட்டயர் ஆகும்வரை அவர் டைப் மட்டுமே அடித்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் வழி கேட்டால் வாயால்தான் சொல்வார். காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.