இரும்பு மனுஷியின் முதுகு

போன வாரம் பாலக்காடு பக்கம் இருக்கும் முதலமடைக்குப் போயிருந்தேன். என் அக்கா கோமதி தோப்பில் குனிந்து, காற்றில் விழுந்த மாங்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இரண்டு வருடமாகக் கீழே விழுந்த கரண்டியைக்கூட எடுக்க முடியாமல் இருந்தவள் அவள். முதுகு வலி! ஸ்கேன், பெல்ட், தைலம், மாத்திரை... எதற்கும் வலி அசையவில்லை. "நடிக்கிறாளோ?" என்று உறவில் சிலர் கிசுகிசுத்தார்கள். அது வலியைவிட அதிகமாக வலித்தது அவளுக்கு.

கடைசியில் பாலக்காட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம் - அக்கா, மாமா, நான். ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"எலும்பு, டிஸ்க் எல்லாம் நல்லா இருக்கு. ஆனா உங்க வலி நிஜம். எப்போ ஆரம்பிச்சது?"

"இவரு ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்தப்பறமுங்க" என்றாள் அக்கா.

மாமாவின் பைக்கை லாரி இடித்த கதையை அப்போதுதான் டாக்டரிடம் சொன்னோம். பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்த நாட்கள். ஐ.சி.யு. வாசலில் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'இரும்பு மனுஷி' என்று எல்லோரும் மெச்சினோம்.

"அப்புறமாவது அழுதீங்களா?"

"எதுக்குங்க? அதான் பொழச்சு வந்துட்டாரே!"

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அவர் வந்துட்டார். உங்க உடம்பு இன்னும் அந்த வாசல்லயேதான் நிக்குது."

பயம் உள்ளேயே தங்கிவிட்டால் தசைகள் இறுகுமாம். குனிந்தால்கூட ஆபத்து என்று நரம்பு அலறுமாம். அந்த அலறல்தான் வலி.

திரும்பும் வழியில் மாமாதான் கார் ஓட்டினார். கொல்லங்கோடு தாண்டியதும் அக்கா திடீரென்று ஆரம்பித்தாள்.

"ஏனுங்க... அன்னைக்கு உங்க செருப்புல ஒத்தச் செருப்பத்தான் என் கையில குடுத்தாங்க. இப்பவும் நீங்க பைக்கை எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் மூச்சுப் பிடிச்சுட்டே இருக்கறனுங்க."

மாமா காரை ஓரம் கட்டினார். "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கோமதி?"

"படுத்துக் கெடக்கற மனுசங்கிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

அப்புறம் அழுதாள் பாருங்கள்... அப்படி ஓர் அழுகை! மாமா அவள் கையை விடவேயில்லை. பின் சீட்டில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே வலி பறந்துவிட்டதா? அதெல்லாம் இல்லை. டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் கொஞ்சமாக நடை, பயப்படாமல் குனியப் பழகுவது என்று மாதக்கணக்கில் ஆனது. இப்போதும் எப்போதாவது வலி எட்டிப் பார்க்கும். "வந்துட்டியா? வந்துட்டுப் போ" என்பாளாம்.

நாம் ஒருவரைத் தைரியசாலி என்று பாராட்டுகிறோமே - அதோடு அவர் அழுவதற்கான உரிமையையும் பிடுங்கிக்கொள்கிறோமோ?

அக்கா இப்போது எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. பயமோ கோபமோ, உடனே சொல்லிவிடுகிறாள். முதுகு வலி அவளை ஏறக்குறைய விட்டுப் போய்விட்டது. காது வலி மாமாவுக்கு ஆரம்பித்திருக்கிறது!