ரோசாப்பூக் கோப்பை கலந்த பசளை

குப்பையோடு வேலை செய்கிறவர்களுக்கு நாற்றம் ஒரு கிழமையில் பழகிவிடும். கோபம் மட்டும் ஓய்வூதியம் வரைக்கும் பழகாது. ஊர்க் குப்பையில் கைவைத்துச் சோறு தின்கிற சகபாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் குப்பையை உரமாக்குகிற எங்கள் மாநகர சபையின் பசளைக் கூடம் இருக்கிறது. நான் மேற்பார்வை, என்னோடு நாலு பெண்கள். ஊரின் உக்கி மண்ணாகிற குப்பையையும் வாவியை மூடி மிதக்கிற ஆற்றுவாழைப் பூண்டையும் அள்ளி அடுக்கி, புரட்டி, உக்கவைத்து, அரித்து மூட்டை கட்டுவோம். அரசாங்கம் யூரியாவைத் திடீரென்று நிறுத்திய அந்த வருஷம், யார் யாரோ அரைகுறையாக உக்கின குப்பையைக் கூட்டுப்பசளை என்று விற்றுத் தள்ளினார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே விவசாயிகள் காறித் துப்புகிறார்கள்.

இந்தப் பெரும்போக நெல் விதைப்புக்கு மூட்டை போகாவிட்டால் கூடத்தைப் பூட்டுவதாகச் சபை சொல்லிவிட்டது. நாலு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். உன்னிச்சை அரசரெத்தினம் அண்ணன், இறுகிக் கட்டாந்தரையாகிப்போன தன் ஒரு ஏக்கருக்கு மட்டும் எடுப்பதாகச் சொன்னார். அது விளைந்தால் அந்த வயல்வெளி வட்டையில் உள்ள வயல்காரர் எல்லோரும் எடுப்பார்கள்.

இறுக்கிக் கட்டிய பை

ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டுப் பை எங்கள் கூடத்தில் பேர்போனது. பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. ஒவ்வொன்றிலும் பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சு. உள்ளே மீன்தலை, பழஞ்சோறு, பேரனின் மூத்திரப் பெம்பஸ், உடைந்த கிளாஸ் எல்லாம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும். அதை அவிழ்க்கப் போய் எங்கள் யோகம்மாக்காவின் விரல் கிழிந்தது.

நான் நேரே வீட்டுக்கே போனேன். டீச்சர் சிரித்த முகத்தோடு இருத்தி, தங்க விளிம்பும் ரோசாப்பூவும் போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தார். ஆறு கோப்பையில் ஒன்றைப் பேரன் போன மாசம் உடைத்துவிட்டானாம். அந்தக் கவலையை நான் குடித்து முடிக்கும்வரை சொன்னார். கண்ணாடியைத் தனியாகத் தாருங்கள், யோகம்மாக்காவின் விரலைப் பாருங்கள் என்றேன். அவருக்குப் பெரிய மனவருத்தம்.

"என்ன புள்ள இப்பிடிச் சொல்றீங்க? உங்கட ஆக்களுக்கு நாறக் கூடாதெண்டுதானே நான் இவ்வளவு இறுக்கிக் கட்டுறன்!"

சாமி மாலை

கோயில் திருவிழா முடிந்தால் லொறி நிறையப் பூமாலை வரும். பூ உக்கும், அதைக் கட்டிய நைலோன் நூலும் கம்பியும் நானும் நீங்களும் செத்த பிறகும் உக்காது. மண்வெட்டியில் சுற்றி, குவியல் புரட்டுகிற முள்ளில் சுற்றி, பெண்களின் காலிலும் சுற்றும். நூலை வெட்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சாமிக்குப் போட்ட மாலையக் கத்தரிக்கோலால வெட்டச் சொல்றியா? அந்தப் பாவத்தை நீங்களே செய்யுங்க."

குவியலின் சூடு

அரசரெத்தினம் அண்ணனின் மூட்டைகளைக் கையளிக்க ஒரு விழா எடுக்க வேண்டுமென்று சபையில் ஒருவருக்கு ஆசை வந்தது. நாள் குறித்துவிட்டு வந்து, மூட்டை கட்டுங்கள் என்று நின்றார். குவியல் இன்னும் உக்கி முடியவில்லை. உள்ளே சூடு இருக்கும்வரை அது பசளை இல்லை. வயலில் போட்டால் பயிரைக் கருக்கிவிடும். எத்தனை தரம் சொன்னாலும் ஐயா தலையை ஆட்டினாரே தவிர, காது கொடுக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவியலுக்குள் குத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியை உருவி அவர் கையில் கொடுத்தேன். ஐயோ என்று கீழே போட்டார். உள்ளங்கையை ஊதிக்கொண்டே ஒரு யோசனையும் சொன்னார். நான் கட்டவில்லை, விழா தள்ளிப்போனது, என்னைத் திமிர் பிடித்தவள் என்று என் கோப்பில் எழுதியும் வைத்தார்கள்.

"அப்ப மேல ஆறிக் கிடக்கிறத மட்டும் கட்டுங்க மிஸ், உள்ளுக்க இருக்கிறத ஆரு பாக்கப்போறா?"

சட்டைப் பையில் வந்தது

பசளை ஆறி, அரித்து, வயலுக்குப் போனது. விதைத்த கையோடு மழை ஒரே மூச்சாகக் கொட்டிவிட்டு, பிறகு கிழமைக்கணக்கில் ஆளைக் காணோம். இப்போதெல்லாம் மழைக்கு இதுதான் பழக்கம். பக்கத்து வயல்கள் வெடித்தன. எங்கள் ஏக்கரில் ஈரம் நின்றது, பயிர் பச்சையாக நின்றது. வட்டையே வந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தேன்.

மறுநாள் அரசரெத்தினம் அண்ணன் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார். அங்கே யாரும் வயலுக்குள் செருப்போடு இறங்குவதில்லை. சட்டைப் பையிலிருந்து உடைந்த சில்லு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தங்க விளிம்பு, பாதி ரோசாப்பூ. எங்கள் அரிதட்டின் ஓட்டையில் நெடுக்குவாக்கில் விழுந்து தப்பியிருக்கிறது. அதன் கூடப்பிறந்த கோப்பையில்தான் நான் தேத்தண்ணி குடித்திருந்தேன். டீச்சர் மேல் கோபம். அன்றைக்கு அந்த வாசலில் நின்று கத்தாமல், தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்த என்மேல் அதைவிடக் கோபம். பார்க்க வந்த வட்டைக்காரர் பயிரைப் பார்க்கவில்லை, இரத்தத்தைத்தான் பார்த்தார்களாம். அண்ணன் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை.

"மண் நல்லா வந்திருக்கு மகள். ஆனா கால் வைக்கப் பயமாக் கிடக்கு. இனி மூட்ட கட்டுறதுக்கு முதல் நீங்க அதுல வெறுங்காலோட நடங்க. நீங்க நடந்தா நான் எடுக்கிறன்."

படங்கில் ஒரு நடை

அன்றிலிருந்து அரித்த பசளையைத் தரையில் விரித்த படங்கில் பரப்பி, நானும் நாலு பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடக்கிறோம். யோகம்மாக்கா முதல் ஆள். குத்தினால் குனிந்து எடுக்கிறோம், மறுகாவும் நடக்கிறோம். கூடத்தைப் பூட்டுகிற கதையைச் சபை அடுத்த போகம் வரை ஒத்திவைத்திருக்கிறது. எங்கள் பாதங்களை நம்பித்தான் அதுவும்.

போன கிழமை டீச்சர் வந்தார். அவருடைய ரோசாச் சாடிகளுக்கு ஒரு மூட்டை நல்ல பசளை வேண்டுமாம். மேசையிலிருந்த சில்லைக் கண்டதும், "அட, என்ட கோப்பை!" என்று ஆசையாகக் கையில் எடுத்தார். அது யாருடைய காலுக்குள் இருந்து வந்தது என்று சொன்னேன். முகம் சற்று வாடியது. அப்படியென்றால் வாருங்கள் டீச்சர், நீங்கள் கேட்ட பசளை இதுதான், எங்களோடு ஒருக்கா வெறுங்காலோடு நடங்கள் என்று படங்கைக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ புள்ள, கண்ணாடி கிண்ணாடி கிடந்து கால வெட்டினா என்ன செய்யிற?"

மண்ணைத் திருத்துகிற வேலை என்று சொல்லித்தான் என்னை இதில் சேர்த்தார்கள். மண் ஒரே போகத்தில் திருந்திவிட்டது, ஊர்தான் பாக்கி.