மஞ்சள் துணியில் கட்டிய கடவுச்சீட்டுகள்

பெரியநாயகியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் இரண்டு பேர் நேப்பாளிகள். லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து வந்திருந்த சின்னம்மா குஞ்சம்மாவுக்கு அது பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற பாலகிருஷ்ணனின் முழங்கையை இடித்தாள்.

"யாரு தம்பி இவனுங்க? நம்ம பையனுங்களுக்குத் தோள் இல்லையா?"

"அக்காவோட பசங்கதான், சின்னம்மா. ஹோஸ்டல்ல இருக்கறவங்க."

"அந்த உயரமானவன் கழுத்துல என்ன தொங்குது? தாயத்தா?"

"சாவி."

"சாவியா? சாவியப் போயி கழுத்துல கட்டுவாங்களா? இடுப்புல செருகுனா ஆகாதா?"

"அக்கா சொன்னது, சின்னம்மா. அவன் அப்படித்தான் செய்வான்" என்றார் பாலகிருஷ்ணன். அவர் குருபோங்கிலுள்ள கையுறைத் தொழிற்சாலையின் மனிதவள நிர்வாகி. முப்பது வருடம் அந்தத் தொழிற்சாலையில் இருந்த பெரியநாயகியிடம் திட்டு வாங்காத ஒரே ஆள் முதலாளிதான் என்று சொல்வார். அதுவும் முதலாளி சிங்கப்பூரில் இருப்பதால்.

பெரியநாயகி பிறந்தது மலேசியாவில், லூபோக் சீனாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா சுப்பன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். ரப்பர் விலை விழுந்து, மரங்கள் சாய்ந்து, செம்பனை வந்தபோது, பக்கத்துத் தோட்டங்களின் பெண்பிள்ளைகளோடு அவளும் விடியலில் தொழிற்சாலை பஸ் ஏறினாள். அப்பன் மரத்திலிருந்து வடித்த பால், மகள் நிற்கும் இயந்திர வரிசையில் ஆஸ்பத்திரிக் கையுறையாகி, பெட்டிக்குள் போய், கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறியது. நாடு முன்னேறுகிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். பெரியநாயகி அதை மறுக்கவில்லை. குருபோங்கில் ஒழுகாத கூரை, ஓட்டிப்போக ஒரு பெரோடுவா காடி, மகள் தேவமலருக்குக் கல்லூரி எல்லாம் அந்தக் கையுறை கொடுத்ததுதான்.

வரிசையில் நின்ற உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போனார்கள். அந்த இடங்களில் நேப்பாளத்துப் பையன்கள் வந்து நின்றார்கள். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டன, அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள், தொலைக்காட்சியில் காட்டினார்கள். கைகுலுக்கி முடிந்த பிறகு அந்தப் பையன்களுக்கு எங்கே கறிவேப்பிலை கிடைக்கும், பல்வலிக்கு எந்தக் கிளினிக், தண்ணீர்க் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பெரியநாயகியின் வேலையாயிற்று. அவளை ஹோஸ்டல் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஹோஸ்டல் என்பது வரிசை வீடுகள். ஓரத்து வீடு அவளுடையது.

பையன்களுக்கு அவள் தமிழ்தான் பேசினாள். கொஞ்சம் மலாய் ஊற்றிக் கலக்குவாள். உயரமானவன் பீம் ஒரே வருடத்தில் தமிழ் பிடித்துக்கொண்டான். ஆனால் மரியாதை விகுதி மட்டும் அவன் நாக்கில் ஏறவே இல்லை.

"அக்கா, நீ சாப்டியா?"

"'நீங்க'ன்னு சொல்லுடா, எருமை."

"நீங்க சாப்டியா, எருமை?"

ஹோஸ்டலே சிரித்தது. அன்றிலிருந்து அவள் திருத்துவதை விட்டுவிட்டாள்.

அந்தக் காலத்தில் பையன்களின் கடவுச்சீட்டுகள் அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருந்தன. அப்படி வைப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் பல கம்பெனிகள் வைத்திருந்தன. ஆள் ஓடிவிடுவான் என்ற பயம். பிறகு ஒரு நாள் அமெரிக்காவின் சுங்கத்துறை வேறொரு மலேசியக் கம்பெனியின் கையுறைகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிச் செய்த பொருள், எங்கள் நாட்டுக்குள் வராது என்றது. அங்கே ஒரு கையெழுத்து விழுந்தது. இங்கே அந்தக் கம்பெனி வாசலில் லோரிகள் காத்துக் கிடந்தன, ஓவர்டைம் நின்றது, நடைபாதை ஐந்தடிக் கடைகளில் கூட நாசி லெமாக் சோறு விற்கவில்லை.

குருபோங்கில் பயம் வந்துவிட்டது. அமெரிக்க வாடிக்கையாளர் எழுதினார்: ஆடிட்டரை அனுப்புகிறோம், தேறினால்தான் அடுத்த ஆர்டர். அந்த ஆர்டர் போனால் இயந்திர வரிசைகளில் பாதியை மூட வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை போகும், பையன்களை விமானம் ஏற்றிவிடுவார்கள். பாலகிருஷ்ணன் ஒரே மூச்சில் அலமாரியைத் திறந்து கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார், படமும் எடுத்துக்கொண்டார்.

"தேறிடுவோம் அக்கா, பாத்துக்கலாம்" என்றார்.

"தேறாம என்ன? நம்ம கிட்ட என்ன ஒளிவு மறைவு?" என்றாள் பெரியநாயகி.

அன்று மாலையே பீம் அவள் வாசலில் நின்றான்.

"அக்கா, இது நீ வை."

"ஏன்டா? இப்பதான கொடுத்தாங்க."

"ரூம்ல எட்டுப் பேரு. பூட்டு இல்ல. மெத்தைக்குக் கீழ வெச்சா வேர்வைல நனையுது. போச்சுன்னா நான் போச்சு."

அவள் யோசிக்கவில்லை. வீட்டில் தாலிக்கொடி, நிலப்பட்டா, மகளின் ஜாதகம் என்று விலைமதிப்புள்ள எதுவும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி மேடையில் அம்மன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். திருடன்கூட அங்கே கை வைக்கமாட்டான் என்பது நம்மவர் கணக்கு. பீமின் கடவுச்சீட்டையும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, கற்பூரம் காட்டினாள். மறுநாள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். வாரக் கடைசிக்குள் ஹோஸ்டல் முழுவதும் வந்துவிட்டது. துணி போதாமல் புதிதாக ஒரு முழம் வாங்கி மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டாள். பாலகிருஷ்ணனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

சில வாரங்கள் கழித்து ஆடிட்டர் வந்தாள். பெயர் ஷாமினி. கோலாலம்பூர்க்காரி, நம் பெண்தான் என்பதில் பாலகிருஷ்ணனுக்குப் பாதி நிம்மதி. அவள் யார் கொடுத்த தேநீரையும் குடிக்கவில்லை. அதில் மீதி நிம்மதியும் போயிற்று. தீயணைப்பான், கழிவறை, சம்பளச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தன. பிறகு பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் பாலகிருஷ்ணன் ஹோஸ்டலுக்கு ஓடி வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அக்கா! பாஸ்போட் எல்லாம் உங்க கிட்டயா இருக்கு?"

"ஆமா. சாமி மேடையில."

"ஐயோ! 'எங்கடா பாஸ்போட்?'னு கேட்டா ஒருத்தன் விடாம 'அக்கா வீட்ல, சாமி கிட்ட'ங்கறானுங்க. கம்பெனியே ஆள் வெச்சு மறைச்ச மாதிரி ஆயிருச்சு லா!"

அவர் பின்னாலேயே ஷாமினி வந்துகொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பெரியநாயகி மூட்டையை எடுத்து அவள் முன் வைத்து அவிழ்த்தாள். மஞ்சள் வாசனையும் கற்பூர வாசனையும் எழுந்தன. கடவுச்சீட்டுகள் பெயர் வாரியாக, ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன.

"ஆன்ட்டி, நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள் ஷாமினி.

"பின்ன? யாரையும் வற்புறுத்தல பாப்பா. அவங்களா வந்து கொடுத்தாங்க. எந்த நேரத்துல கதவத் தட்டுனாலும் எடுத்துக் கொடுப்பேன். பீமக் கேளு."

"கேட்டேன். மாசி மகத்தன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போனேன். வருசா வருசம் போறதுதான்."

"அன்னைக்கு பீமோட தங்கச்சிக்கு ஆஸ்பத்திரிச் செலவு. ஊருக்குப் பணம் அனுப்பணும். அனுப்பற கடையில பாஸ்போட் காட்டச் சொல்லுவாங்க. உங்க வாசல்ல வந்து உக்காந்திருக்காரு. பொழுது சாய்ஞ்சதும் திரும்பிப் போயிட்டாரு."

பெரியநாயகி வாசலைப் பார்த்தாள். பீம் கதவோரம் நின்றிருந்தான்.

"ஏன்டா எனக்குச் சொல்லல? போன் அடிச்சிருந்தா வந்திருப்பேனே?"

"நீ சாமி கும்பிடப் போச்சு" என்றான் பீம். "மறுநாள் அனுப்பிட்டேன். தங்கச்சி நல்லாருக்கு. ஒண்ணும் இல்ல அக்கா."

ஒன்றும் இல்லை என்று அவன் சொன்ன விதம் அவளுக்குத் தெரியும். அப்பா அப்படித்தான் சொல்வார்.

தோட்டத்தில் பரமேஸ்வரன் கங்காணி என்று ஒருவர் இருந்தாராம். அடாவடி ஆள் இல்லை, ரொம்ப நல்லவர். லயத்து வீட்டில் கரையான் அரிக்கிறது என்று எல்லாருடைய பிறப்புப் பத்திரங்களையும் வாங்கித் தன் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போய், பிள்ளைகள் அவசரமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். தகரப் பெட்டியும் அவரோடு கப்பலேறியது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைக்கு மனுக் கொடுக்கப் போன சுப்பனிடம், இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். கடைசிவரை அவருக்கு வாக்குரிமை இல்லாத சிவப்பு அட்டைதான். தேர்தல் நாளில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, நீல அட்டைக்காரியான மனைவியைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடுவார். அவள் வாக்களித்து வரும்வரை வேலிக்கு வெளியே நிற்பார். ஏம்ப்பா வெயிலில் நிற்கிறாய் என்றால், "ஒண்ணும் இல்லம்மா" என்பார். கங்காணியை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

பெரியநாயகி மூட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ கேட்டது சரிதான் பாப்பா. நல்லவ கையில இருந்தாலும் அவன் கையில இல்லதான்."

பாலகிருஷ்ணன் குறுக்கே புகுந்தார். "மிஸ் ஷாமினி, இது அக்காவோட நல்ல மனசு. கலாச்சாரம். இத ரிப்போர்ட்ல போடணுமா?"

"போடணும் சார்."

"போடட்டும்" என்றாள் பெரியநாயகி. "பாப்பா, எப்ப எழுதுவ?"

"சாயங்காலம் கூட்டம் முடிஞ்சதும். நான் பாத்ததையும் எழுதுவேன், அதுக்குள்ள நீங்க திருத்தியிருந்தா அதையும் எழுதுவேன். ரெண்டையும்."

"அது போதும்." சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "தம்பி பாலா, பழைய டிரெஸ்ஸிங் ரூம் லாக்கர் எல்லாம் ஸ்டோர்ல சும்மாதான கிடக்குது? லோரில ஏத்திக் கொண்டா."

"அது கம்பெனி அசெட் அக்கா. வெளிய எடுக்க மேனேஜர் கையெழுத்து..."

"ஆர்டர் போனப்புறம் அந்த அசெட்ட வெச்சு அவியலா வைக்கப்போற? மேனேஜரக் கூப்புடு, நான் பேசறேன்."

பேசினாள். பத்துச் சொல்லுக்கு மேல் ஆகவில்லை. காலை ஷிப்டு முடிவதற்குள் லோரி ஹோஸ்டல் வாசலுக்கு வந்தது. பையன்களே இறக்கினார்கள். வெல்டிங் தெரிந்தவன் கழன்ற கதவுகளைப் பற்றவைத்தான். பெரியநாயகி காடியை எடுத்துக்கொண்டு போய் சாலையோர இரும்புக் கடையில் இருந்த பூட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கடவுச்சீட்டையும் பூட்டையும் கையில் கொடுத்தாள்.

"ஓடிட்டா என்ன பண்றது அக்கா?" என்று பாலகிருஷ்ணன் காதோரம் கேட்டார்.

"ஓடறவன் ஓடட்டும். கட்டி வெச்சு நிறுத்துனவன் எப்படிடா ஒழுங்கா கையுற செய்வான்? அதையும் போயி அமெரிக்காக்கார டாக்டர் மாட்டிக்கிட்டு ஆளு வயித்தக் கிழிக்கணுமே."

ஷாமினி அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். மாலைக் கூட்டம் முடிந்ததும், ஹோஸ்டல் பொறுப்பாளரிடம் கடவுச்சீட்டுகள் இருந்தன என்று எழுதினாள். அன்றே திருப்பித் தரப்பட்டன, ஒவ்வொருவருக்கும் பூட்டிய பெட்டி உள்ளது என்றும் எழுதினாள். புறப்படும்போது பெரியநாயகி கொடுத்த தேநீரைக் குடித்தாள்.

வாடிக்கையாளர் ஆர்டரைப் பாதியாகக் கொடுத்தார். மறு பரிசோதனையில் குறை இல்லாவிட்டால் மீதி என்றார். அந்த மாதங்களில் பெரியநாயகி பழையபடி பத்திரிகை படித்தாள், ரிங்கிட் ஏறியதா இறங்கியதா என்று பாலகிருஷ்ணனைக் குடைந்தாள், பீமுக்குக் கறிவேப்பிலை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேர் ஓடித்தான் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். மறு பரிசோதனைக்கு ஷாமினிக்குப் பதில் ஒரு சீனர் வந்தார். அவர் பீமிடம் கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டதும், பீம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கயிற்றில் தொங்கிய சாவியைக் காட்டினான். மீதி ஆர்டரும் வந்தது. எந்த வரிசையும் மூடவில்லை.

அந்தச் சாவி அவன் கழுத்துக்கு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. பூட்டுக் கொடுத்த அன்றே, கூட்டம் கலைந்த பிறகு, பீம் அவள் வாசலுக்கு வந்து கையை நீட்டினான்.

"அக்கா, சாவி நீ வை."

பெரியநாயகி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சாமி மேடையில் மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்தாள். ஓரத்தை நீளமாகக் கிழித்து, கயிறாகத் திரித்து, சாவியைக் கோத்தாள். அவன் குனிந்தான். கழுத்தில் கட்டிவிட்டாள்.

"தொலச்சா பூட்ட ஒடச்சிக்கலாம். யாரு கேட்டாலும் கொடுக்காத. நான் கேட்டாலும் கொடுக்காத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றான் பீம். "நீங்க சாப்டியா?"