இருபத்தேழாவது பெயர்

அவையில் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை உண்டு. உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் அங்கே உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எழுதுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை மாறும். மேஜையைத் தட்டுவதும் கொட்டாவி விடுவதும் போக, மீதியெல்லாம் அவள் நோட்டில் ஏறியாக வேண்டும்.

"நமக்குக் காது மட்டும்தாம்மா, வாய் கிடையாது" என்பார் சுருக்கெழுத்துப் பிரிவுத் தலைவர். அவளும் அங்கே வாயைத் திறந்ததில்லை.

அவளுடைய தம்பி, வீட்டில் எல்லாருக்கும் 'வாலு', வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டப் போனவன். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டவர்களோடு சேர்த்து அவனையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆறு வருடமாயிற்று. முதல் வருடம் இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. இவள் போட்ட மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல். வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பை உதறி எறிகிறவன் அவன். இன்றைக்கும் கதவைத் திறந்தால் அவள் கண் முதலில் தரையில் அந்தச் செருப்பைத்தான் தேடும். அப்படி ஓர் ஏக்கம்.

அந்த நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் அவைக்கு வந்தது. இப்படிப்பட்ட விவாதத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. அங்கே சிறையில் இருப்பவர்களில் யாருடைய பெயர் அவையில் வாய்விட்டு வாசிக்கப்படுகிறதோ, அவரைப் பற்றி வெளியுறவு அமைச்சர் முப்பது நாளில் பதில் சொல்லியே தீர வேண்டும். பட்டியலை மேஜையில் வைத்தால் மட்டும் போதாது. இந்த முறை பட்டியலில் முப்பத்தொரு பெயர், வாலு இருபத்தேழாவது. பேச மூன்று நிமிடம்தான். நம் உறுப்பினர்களுக்கோ வணக்கம் சொல்லி முடிக்கவே இரண்டு நிமிடம் வேண்டும்!

முந்தின நாள், பட்டியலை வாசிக்கப்போகும் உறுப்பினர் தன் பழைய பேச்சின் நகலைச் சரிபார்க்கச் சுருக்கெழுத்தாளர்களின் அறைக்கு வந்தார். நர்ஸாக இருந்து புதிதாக ஜெயித்து வந்த அம்மாள்.

"நான் ரொம்ப வேகமா பேசுறேனோ?" என்று கேட்டார்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்லைங்கம்மா. நாளைக்கு மட்டும்... முன்னுரையெல்லாம் விட்டுடுங்க. பேரை மட்டும் வாசிங்க. அப்பதான் முப்பத்தொண்ணும் முடியும்."

அந்த அம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் மேஜையில் அவள் முறை. நர்ஸம்மாள் எழுந்தார். "தலைவர் அவர்களே, பெயர்கள்" என்று ஆரம்பித்து நேரே வாசித்தார். இருபத்தைந்து. இருபத்தாறு. அவள் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. திரும்ப ஓடியபோது இருபத்தெட்டு வந்துவிட்டது.

ஊரார் பேச்சையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிய கை, சொந்தத் தம்பியின் பெயரை விட்டுவிட்டது!

தட்டச்சு செய்யும்போது நோட்டிலிருந்த அந்த வெற்றிடம் அவளைப் பார்த்தது. நினைவிலிருந்து போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது அவள் சொன்ன பெயராகிவிடும், அவை சொன்னதாகாது. தவிர, உண்மையாகவே காதில் விழுந்ததா? இல்லை, ஆசையில் காது தானாகச் சொல்லிக்கொண்டதா? பயந்துகொண்டே பிரிவுத் தலைவரிடம் போனாள்.

"சார், ஒரு பேரு விட்டுப்போச்சு."

"நீயா? நீயா விட்ட?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டியல் இருக்கே, பார்த்துப் போட வேண்டியதுதானே?"

"அவங்க வாசிச்சாங்களான்னு தெரியணும் சார்."

அவர் ஒலிப்பதிவை ஓடவிட்டார். இருபத்தாறு. அடுத்து வாலுவின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு, நர்ஸம்மாளின் கணீர்க் குரலில். ஆறு வருடமாக அவளைத் தவிர யாரும் சொல்லாத பெயர்.

"யாரும்மா அது?"

"என் தம்பி சார்."

அவர் அவள் கேட்காமலே பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை போட்டார்.

அவள் குனிந்து அந்த வெற்றிடத்தில் பெயரை எழுதினாள். பிறகு காது மட்டுமே உள்ளவர்களின் அந்த அறையில் வாய்விட்டுச் சொன்னாள்.

"வாலு, கூப்பிட்டுட்டாங்கடா. வந்துடு."