மிதவைக்குப் பூசிய ஈயம்: நீலசந்திராவிலிருந்து தங்கவயல் வரை

பழைய மோட்டார் சைக்கிளில் பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்ட எனக்குத் தெரியும். என் பேத்தி ஒருத்தி தன் வண்டியைத் தானே பிரிக்கிறாள். அந்தக் கை என் கை.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். காலை எட்டரைக்குத் தந்தி வந்தது. சுரங்கத்தில் உழைத்த என் அப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார். காலை ரயில் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டில் வைத்திருக்கும்போது முகம் பார்த்தால்தான் உண்டு.

"பஸ்ஸுல போயிடலாங்க," என்றேன்.

"ரெண்டு எடத்துல மாறணும். நம்ம வண்டி மூணு மணி நேரத்துல வுட்டுரும். ஏறு," என்றார் என் வீட்டுக்காரர். பட்டாளம் கழித்துப் போட்டதை அவர் ஏலத்தில் எடுத்த வண்டி. அதை யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

தூரம் சுமார் நூறு கிலோமீட்டர். நீலசந்திராவில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, அல்சூர் வழியாகப் பழைய மெட்ராஸ் ரோடு பிடித்தோம். வானம் மூடியே இருந்தது. கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் பெட்ரோல் வாடை. என் புடவைக் கரை நனைந்திருந்தது.

"வண்டி குடிச்சதவிட உன் சீல குடிச்சது அதிகம்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹொஸ்கோட்டையில் நிறுத்திப் பிரித்தோம். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் ஒரு பித்தளை மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். எங்கள் மிதவையை ஆட்டினால் உள்ளே சளசளவென்றது. ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. டீக்கடையில் வெந்நீர் வாங்கி அதில் அமுக்கினேன். குமிழி வந்த இடம்தான் ஓட்டை. உள்ளே போன பெட்ரோல் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போனது.

ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க ஆள் இல்லை. சந்தைத் தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒருவர் இருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டவர், வரிசையில் இருந்த அண்டாவைத் தள்ளிவைத்தார்.

"ஓட்டைய மட்டும் அடைச்சா நாளைக்கிப் பக்கத்துல ஓட்ட வுடும்மா. சாவுக்குப் போறீங்க, முழுசா பூசித் தரேன். காசு வாணாம்."

பித்தளை என்றால் ஈயம் பூச வேண்டும் என்பது நம் வீட்டுப் பழக்கம். எனக்கும் சந்தேகம் வரவில்லை.

"பாத்தியா, புதுசு கணக்கா மின்னுது," என்றார் என் வீட்டுக்காரர்.

நரசாபுரத்துக்கு முன்னால் வண்டி மறுபடி பெட்ரோலைக் கொட்டி நின்றது. ஊசியைத் துடைத்தோம், குழாயை ஊதினோம், கிண்ணத்தைக் கழுவினோம். மிதவையை மட்டும் நாங்கள் சந்தேகப்படவில்லை. அது இப்போதுதான் சரிசெய்து வந்ததாயிற்றே. வெகுநேரம் கழித்து, தூக்குச்சட்டி மூடியில் பெட்ரோல் ஊற்றி மிதவையைப் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி முங்கிக் கிடந்தது.

"இன்னாங்க, மெதக்க வேண்டியது முங்குது. ஈயம் கனக்குதுங்க."

அவர் பேனாக்கத்தியை நீட்டினார். ரோட்டோரம் உட்கார்ந்து, ஓட்டை இருந்த இடத்தை விட்டுவிட்டு மீதியைச் சுரண்டினேன். பயந்து பயந்துதான். கத்தி அழுந்தினால் புது ஓட்டை விழும். தூறல் விழுந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு சுரண்டினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவ்வளவு நன்றாக அந்த வண்டி முன்பு ஓடியதே இல்லை.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் இருந்த லைனுக்குள் நுழையும்போது மணி ஐந்தேகால். வாசலில் பந்தல் இருந்தது, அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு காலி. வீடு கழுவிவிட்ட தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "எம்மா நேரண்டி வெச்சிருக்கறது? மழ வருது மழ வருதுன்னு தூக்கிட்டாங்க. நீ இன்னா ரோட்டுல கோலம் போட்டுனு இருந்தியா?" என்றாள். என் நகக்கண்ணில் ஈயத் தூள் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

போகிறவர்கள் கவனிக்க: ஓட்டையில் அரிசி மணி அளவு ஈயம் போதும். அடைத்த மிதவையைப் பெட்ரோலில் மிதக்க விட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. நரசாபுரம் பக்கம் அன்று ஒரு கடை இல்லை, இப்போது நிறைய. சாவுச் செய்திக்குப் போவதானால் பஸ்ஸில் போங்கள்.

"நல்லதுதான், உயிரோட இருந்த மொகமே உனக்கு நெனப்புல நிக்கும்," என்று எனக்குப் பலர் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் பார்த்தவர்கள்.