முனியப்பன் தட்டாத கல்

"அந்தக் கல்லை நான் தட்டலப்பா."

முனியப்பன் மாமா இதைச் சொல்லாத நாள் எங்கள் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் கிடையாது. பால் வாங்க வந்தாலும் சொல்வார், சாவு வீட்டில் உட்கார்ந்தாலும் சொல்வார். 'தட்ட'வில் ஒரு இருமல், 'லப்பா'வில் ஒரு பெருமூச்சு. டீக்கடையில் நான் அதை அப்படியே செய்து காட்டினால் ஓசி டீ நிச்சயம். ஒரு தடவை மாமாவே பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இருமல் பத்தலடா, இன்னும் கொஞ்சம் இழு" என்று திருத்திவிட்டுப் போனார்.

கதை, தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தது. வெடி வைத்த இடத்துக்குள் நுழையும் முன்னால் ஒருவர் இரும்புக் கம்பியால் மேல்கல்லைத் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் கல் கெட்டி. 'தொப்' என்றால் உள்ளே விரிசல், எந்த நேரமும் விழும். தட்டியவர் "வாங்க" என்றால் மற்றவர்கள் போயே ஆகவேண்டும். இன்னொருவர் கம்பியை வாங்கித் திரும்பத் தட்டினால், அது முதல் ஆளைச் செருப்பால் அடித்த மாதிரி. ஒன்றாக இறங்கும் ஆட்களின் கேங்கில் தட்டுகிறவர் மாமாதான். அவர் "வாங்க" சொன்னால் ஆட்கள் தலையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் நுழைவார்களாம்.

ஒரு நாள் கம்பியைத் தங்கவேலுவிடம் கொடுத்தார். தங்கவேலு புது ஆள். மாமா சொல்லித்தான் வேலையில் சேர்ந்தவர். தங்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில்தான் இருக்கும். அது பட்டையாக ஓடும்; அதை ஒட்டி, இலை இலையாகப் பிரிகிற கருப்புப் பாறை. தங்கவேலு கைக்கு எட்டிய வெள்ளைக் கல்லைத் தட்டினார். குவார்ட்ஸ் கணீரென்றது. கருப்பை அவர் தொடவே இல்லை. "வாங்கணா!" என்றார்.

மாமாவுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் இன்னொரு தட்டு தட்டி அவரை அவமானப்படுத்துவதா என்று உள்ளே போனார். கருப்புப் பாறை ஒரு பலகை மாதிரி பெயர்ந்து அவர் வலது பாதத்தின் மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கவேலு அழுதார். "ணா, இப்பதான் கல்யாணம் ஆச்சு. என் வேலை பூடும். நீங்களே தட்டுனதா சொல்லிடுங்கணா. நேரம் வர்றப்ப எல்லார் முன்னாடியும் நானே உண்மைய சொல்லிடறேன்."

மாமா ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் "வாங்க" என்றால் யாரும் போகத் தயாராக இல்லை. மேலே லாம்ப் ரூமில் விளக்கு துடைக்கப் போட்டார்கள். 2001-ல் சுரங்கத்தையே மூடினார்கள். தங்கவேலுவின் நேரம் மட்டும் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மாமாவே சொல்லத் தொடங்கினார். யார் நம்புவது? தப்பு செய்தவன் வேறு எப்படிப் பேசுவான் என்றார்கள். மகள் ராதிகாகூட, "நைனா, ப்ளீஸ், மறுபடியும் அந்தக் கல்லா?" என்பாள். தங்கவேலு வாயைத் திறந்தால்தான் உண்டு.

போன மாதம் பழைய தொழிலாளர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். தங்கவேலு வீடு தேடி வந்தார். "ணா, மைக்கு எங்கிட்டதான். இந்த வாட்டி சொல்லிடறேன். முன்னாடி வந்து குந்துங்க."

மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டார். பெங்களூரில் வேலை செய்யும் ராதிகாவுக்குப் போன் மேல் போன் போட்டு வரவழைத்து, முதல் வரிசையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

தங்கவேலு மைக்கைத் தட்டினார், ஊதினார். "அன்பு சொந்தங்களே!" ரயில்வே அறிவிப்புக்குத் தேன் தடவிய குரல். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கியது, உள்ளே வெக்கையில் வெந்தது, எல்லாம் சொல்லி முடித்து, "இதோ, நம்ம முனியப்பண்ணா கீறாரே..." என்று கையை நீட்டினார். மாமா எழுந்திருக்கத் தடியை ஊன்றினார்.

"அண்ணா மேல்கல்லைத் தட்டுனா ஜோசியம் பாக்கற மாதிரி இருக்கும்! கல்லு சொல்லிச்சாம், 'முனியப்பா, நான் வுழப்போறேன்.' இவரு சொன்னாராம், 'இரு, ஷிப்ட் முடியட்டும்!' அப்பால கேட்டா..." தங்கவேலு ஒரு இருமல் இருமினார். "அந்தக் கல்லை நான் தட்டலப்பா!"

ஹாலே குலுங்கியது. இருமல், பெருமூச்சு, எதையும் விடவில்லை. என்னைவிட நன்றாகவே செய்தார். மாமா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். பிறகு தடியை மாற்றி மாற்றி ஊன்றி வெளியே நடந்தார்.

மறுநாள் காலையில் தங்கவேலு மைசூர்பாக்கோடு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக் குழாயடியில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"கோச்சிகினீங்களாணா? சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன். ஜனம் சிரிச்சதும் பேச்சு அப்படியே போயிடுச்சி. அடுத்த கூட்டத்துல பாருங்க, கண்டிப்பா..."

மாமா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தங்கவேலுவிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்:

"ஸ்வீட்டை எடுத்துகினு போ தங்கவேலு. நீ உண்மைய சொல்லுவேன்னு எம்பொண்ணைக் கூப்ட்டு பக்கத்துல குந்த வெச்சிகினேன். ஊரு சிரிச்சிது, சிரிச்சிட்டுப் போவட்டும். அவளும் சிரிச்சாடா. இனிமே நீ எந்த மைக்குல இன்னா சொன்னா எனக்கின்னா?"