கிளாராவின் முட்டிக்கு ஒரு அர்ச்சனை

இன்று வீராம்பட்டினம் அம்மன் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா நின்றிருந்தார். இடது முட்டியில் பெல்ட் கட்டியிருந்தார்.

“யார் பேருக்கும்மா அர்ச்சனை?” என்றார் பூசாரி.

“கிளாரா.”

“நட்சத்திரம்?”

“தெரியல சாமி. ஃபாரின்ல ரெஸ்லிங் ஆடுற பொண்ணு. தன்னவிட ரெண்டு மடங்கு இருக்கறவளத் தோள்ல தூக்கிப் போடுவா. நேத்து டிவில முட்டி ஒடஞ்சி ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு போய்ட்டாங்க. எனக்குச் சோறே எறங்கல.”

வரிசையே சிரித்தது. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தப் பச்ச டிரஸ்காரிதான சேரால அடிச்சா? நானும் பாத்தேன்” என்றவர், நட்சத்திரம் இல்லாமலே அர்ச்சனையை முடித்துக் குங்குமம் கொடுத்தார்.

வெளியே வரும்போது கேட்டேன்: “உங்க முட்டிக்கும் வேண்டிக்கலாமேக்கா?”

“கம்பெனில வழுக்கி வுழுந்து படுத்தே கெடந்தேம்மா. அவ அடி வாங்கி அடி வாங்கி எழுந்து வர்றதப் பாத்துதான் நானும் எழுந்து நடந்தேன். மொதல்ல அவ எழுந்திருக்கட்டும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபோனை எடுத்துத் தேடினேன். கிளாராவின் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. சேர் அடி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் டிவிக்காக முன்பே எழுதிவைத்த கதைதானாம்.

அப்படியென்றால் அந்த அர்ச்சனை யாருக்கும் பயன்படாமல் அப்படியே இருக்கிறது. அதை அக்காவின் முட்டிக்கு மாற்றிவிடும்படி பஸ்ஸிலிருந்தே அம்மனிடம் கேட்டுக்கொண்டேன்.

அக்காவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். நட்சத்திரமும் தெரியாது. கிளாராவுக்காக வந்த அக்கா என்றால் அம்மனுக்கு அடையாளம் தெரியாதா என்ன? நீங்களே சொல்லுங்கள்.